நெருப்புக்கும் கைக்கும் நடுவே

அலுமினியக் கரண்டி ஒன்றைக் கொதிக்கும் குழம்பில் போட்டு மறந்துவிட்டால், கால் மணி நேரம் கழித்து அதன் காம்பைத் துணி இல்லாமல் தொட முடியாது. இத்தனைக்கும் குழம்பின் சூடு 100 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். திருவிழாவில் இரு முனையிலும் பந்தம் எரியக் கோல் சுற்றுபவரின் நிலை வேறு. அவர் கோலின் முனையில் ஆடும் சுடரின் சூடு 1000 டிகிரியை நெருங்கும். ஆனாலும் அவர் வெறுங்கையால் நடுவில் பிடித்து, விரலுக்கு விரல் மாற்றிச் சுழற்றுகிறார். சிலம்பக்காரர் பிடித்திருப்பது மூங்கில் கழி, மூங்கில் சூட்டைக் கடத்தாது என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் இன்று உலகின் பல ஊர்களில் தீக்கோல் சுற்றுபவர்கள், கடையில் குழாய் வாங்கித் தாங்களே செய்துகொள்ளும் கோல் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. கரண்டியைச் சுடவைத்த அதே அலுமினியம்.

பார்க்கப்போனால் இதைவிட மோசமான தேர்வு இருக்க முடியாது. அலுமினியம் சூட்டை மிக நன்றாகக் கடத்தும் உலோகங்களில் ஒன்று. 660 டிகிரியில் உருகியும் விடும். இரும்பு உருக 1500 டிகிரிக்கு மேல் வேண்டும், சூட்டையும் அது மெதுவாகவே கடத்தும். அப்படியிருக்க, நெருப்புக்குக் காம்பாக அலுமினியத்தை ஏன் எடுக்க வேண்டும்? ‘எந்த உலோகம் நல்லது’ என்பது பாதிக் கேள்விதான். உலோகம் எந்த வடிவில் இருக்கிறது, கோலின் எந்த இடத்தில் இருக்கிறது, நெருப்பை எவ்வளவு நேரம் தாங்க வேண்டியிருக்கிறது என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்டால்தான் விடை கிடைக்கும். இந்த அத்தியாயம் முழுக்க ஒரே ஒரு கோலை வைத்துக்கொண்டு அந்த மூன்றையும் பார்ப்போம். கோலின் நீளம் 1.5 மீட்டர். குழாயின் வெளிவிட்டம் 25 மில்லிமீட்டர், சுவரின் கனம் 1.5 மில்லிமீட்டர். இரு முனையிலும் 10 சென்டிமீட்டர் அகலத்துக்குத் திரி சுற்றியிருக்கிறது. எண்ணெய் குடித்த திரி ஒவ்வொன்றும் 180 கிராம் என்று வைத்துக்கொள்வோம்.

கம்பியா, குழாயா?

ஒரு கழியை வளைக்கும்போது அதன் ஒரு பக்கம் இழுபடுகிறது, எதிர்ப்பக்கம் அமுங்குகிறது. நட்டநடுவில் இருக்கும் பொருள் இழுபடுவதும் இல்லை, அமுங்குவதும் இல்லை. எடைக்கு மட்டும் இருக்கிறது, வளைவைத் தடுக்க உதவுவதில்லை. உதவுவதெல்லாம் ஓரத்தில் இருப்பதுதான். நடுவிலிருந்து தள்ளி இருக்க இருக்க அதன் உதவி பெருகும். இரண்டு மடங்கு தள்ளி இருந்தால் நான்கு மடங்கு உதவி. எனவே நடுவில் சும்மா இருப்பதை எடுத்து ஓரத்தில் வைத்தால், எடை கூடாமல் விறைப்பு கூடும். குழாய் என்பது இதுதான்.

நம் கோலையே எடுத்துக்கொள்வோம். அந்தக் குழாயின் எடை ஏறத்தாழ 450 கிராம். அதே 450 கிராம் அலுமினியத்தை உருக்கி, அதே நீளத்துக்கு உள்ளீடற்ற இடமே இல்லாத முழுக்கம்பியாக வார்த்தால் அதன் விட்டம் 12 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. இரண்டையும் வளைத்துப் பார்த்தால், குழாய் அந்தக் கம்பியைப் போல ஏறத்தாழ 8 மடங்கு விறைப்பாக நிற்கும். நிரந்தரமாக மடங்கிப்போகாமல் தாங்கும் பாரமும் கிட்டத்தட்ட 4 மடங்கு. கைக்குப் பிடிக்க வாகான பருமனும் கிடைக்கிறது. பொருளும் எடையும் மாறவில்லை, வடிவம் மட்டுமே மாறியது.

அப்படியானால் விட்டத்தைப் பெருக்கிக்கொண்டே, சுவரை மெலிதாக்கிக்கொண்டே போகலாமே என்று கேட்கலாம். போக முடியாது. உறிஞ்சுகுழலை மெல்ல வளைத்துப் பாருங்கள். கொஞ்சதூரம் ஒழுங்காக வளையும், பிறகு ஓரிடத்தில் சட்டென்று நசுங்கி மடியும். மடிந்தபின் அதற்கு வலுவே கிடையாது. குழாய் வட்டமாக இருக்கும்வரைதான் அதன் விறைப்பு. சுவர் மிகவும் மெலிந்தால் வட்டம் முதலில் கெட்டுவிடும், பொருளின் வலு முழுவதும் பயன்படுவதற்கு முன்பே குழாய் நசுங்கிவிடும். இதற்குக் ‘கசங்கல்’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். தரையில் விழுவதும் கல்லில் மோதுவதும் தீக்கோலுக்கு அன்றாடம். ஆகவே விறைப்புக்கு விட்டமும், கசங்காமல் இருக்கச் சுவரின் கனமும் வேண்டும். இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதில்தான் உலோகம் உள்ளே வருகிறது.

கிலோவுக்குக் கிலோ

அலுமினியம் எஃகைவிட விறைப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. ஒரே அளவுள்ள துண்டுகளை எடுத்தால் எஃகு அலுமினியத்தைப் போல ஏறத்தாழ 3 மடங்கு விறைப்பு. ஆனால் எடையும் ஏறத்தாழ 3 மடங்கு. ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் 2.7 கிராம், எஃகு 7.85 கிராம். இரண்டு வித்தியாசங்களும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன. விறைப்பை எடையால் வகுத்துப் பார்த்தால் அலுமினியமும் எஃகும் ஏறக்குறையச் சமம். விமானத்துக்கும் விண்கலத்துக்கும் போகும் டைட்டானியம்கூட இதே வரிசையில்தான் வந்து நிற்கிறது. கிலோவுக்குக் கிலோ மூன்றும் ஒன்றே.

அப்புறம் அலுமினியத்துக்கு என்ன சிறப்பு? கசங்கலை நினைவில் வைத்துக்கொண்டால் விடை தெரியும். நம் அலுமினியக் கோலின் எடையிலேயே, அதே 25 மில்லிமீட்டர் விட்டத்தில் எஃகுக் குழாய் வேண்டுமென்றால், அதன் சுவர் வெறும் அரை மில்லிமீட்டர்தான் இருக்க முடியும். விறைப்பு அலுமினியக் கோலுக்கு இணையாகவே இருக்கும். ஆனால் முதல் தடவை தரையில் விழும்போதே நெளிந்துவிடும். நெளிந்த இடத்தில் வட்டம் கெடும், கெட்ட இடத்தில் கோல் மடியும். அடர்த்தி குறைந்த உலோகம், அதே எடையில் மூன்று மடங்கு தடித்த சுவரைத் தருகிறது. அலுமினியம் வெல்வது இங்கேதான். லேசாக இருப்பதால் அதைத் தடிமனாக வைத்துக்கொள்ள முடிகிறது.

கடையில் மலிவாகக் கிடைக்கும் திரைச்சீலைக் குழாயை ஏன் எடுக்கக் கூடாது என்பதற்கும் இதே பதில் பொருந்தும். பளபளப்பாக, கைக்கு அடக்கமாக இருக்கும் அந்த எவர்சில்வர் குழாய் துணியைத் தாங்கச் செய்தது. சுவர் மெலிது, மோதலைத் தாங்காது. மறுகோடியில் இருப்பது தண்ணீருக்குப் போடும் அரை அங்குல ஜி.ஐ. பைப். அது கசங்காது, ஆனால் மீட்டருக்கு ஏறத்தாழ 1.2 கிலோ. ஒன்றரை மீட்டருக்கு 1.8 கிலோ ஆகிவிடும். திரியையும் சேர்த்தால் 2 கிலோவைத் தாண்டும்.

சுழலும் எடை

‘2 கிலோ தூக்க முடியாதா?’ என்று கேட்பவர் இருப்பார். தூக்கலாம். ஆனால் கோலை யாரும் தூக்கிக்கொண்டு நிற்பதில்லை, சுழற்றுகிறார்கள். சுழலும்போது எடை எங்கே இருக்கிறது என்பது எவ்வளவு இருக்கிறது என்பதைவிட முக்கியம். சுழலத் தொடங்கவும், சுழற்சியை நிறுத்தவும் ஒரு பொருள் காட்டும் பிடிவாதத்தைச் ‘சுழல்மந்தம்’ என்று அழைப்போம். நடுவில் வைத்த எடையால் சுழல்மந்தம் கூடுவதே இல்லை. முனையில் வைத்த எடையால் மிகக் கூடும். இங்கும் தூரம் இரட்டித்தால் விளைவு நான்கு மடங்கு.

நம் கோலில் குழாயின் சுழல்மந்தத்தை 8 பங்கு என்று வைத்தால், இரண்டு திரிகளுடையது 18 பங்கு. ஆக மொத்தம் 26. குழாய் திரிகளைவிடக் கனமானது, ஆனாலும் கைக்குத் தெரியும் மந்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு திரியினுடையது. இப்போது அதே அளவில் எஃகுக் குழாயை மாட்டினால் குழாயின் பங்கு 24 ஆகிறது, மொத்தம் 42. கோலின் எடை இரட்டிப்பதை விற்பவர் தராசு காட்டும். சுற்றுபவரின் மணிக்கட்டுக்குத் தெரிவது 1.6 மடங்கு. எஃகு நாம் பயந்த அளவுக்கு மோசமில்லை என்று இதைப் படிக்கலாம். ஆனால் கூடிய 16 பங்கும் ஒவ்வொரு திருப்பத்திலும் மணிக்கட்டு சுமக்க வேண்டிய கூடுதல் வேலை. இன்னொன்றும் தெரிகிறது. கோலை லேசாக்க விரும்புகிறவர் விலை உயர்ந்த உலோகத்தைத் தேடுவதற்கு முன், திரியையும் நீளத்தையும் பார்க்க வேண்டும். நீளத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தாலே சுழல்மந்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். டைட்டானியம் வாங்கும் செலவில்லாமல் ரம்பம் செய்யும் வேலை அது.

சூடு எவ்வளவு தூரம் நடக்கும்?

இனி கரண்டியின் புதிருக்கு வருவோம். உலோகத்துக்குள் சூடு நேர்கோட்டில் ஓடுவதில்லை. தேர்த்திருவிழாக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டவர் நான்கு பக்கமும் இடிபட்டு, முன்னே இரண்டு அடி வைத்துப் பின்னே ஓர் அடி வைத்து நகர்வதைப் போலத்தான் அது பரவுகிறது. அப்படி நகர்பவருக்கு ஒரு விதி உண்டு. இரண்டு மடங்கு தூரம் போக நான்கு மடங்கு நேரம் ஆகும். மூன்று மடங்கு தூரத்துக்கு ஒன்பது மடங்கு நேரம்.

5 நிமிடத்தில் சூடு எவ்வளவு தூரம் நகரும் என்று தோராயமாகக் கணக்கிட்டால், அலுமினியத்தில் 14 சென்டிமீட்டர், சாதாரண எஃகில் 6 அல்லது 7, எவர்சில்வரில் மூன்றரை, மரத்தில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. அலுமினியம் எல்லாவற்றையும் முந்துகிறது என்பது உண்மைதான். ஆனால் விதியை மறக்கக் கூடாது. கால் மணி நேரத்தில் அது 25 சென்டிமீட்டர் போகும். ஏறத்தாழ ஒரு கரண்டிக் காம்பின் நீளம்! குழம்பிலிருந்து கைக்குச் சூடு வந்து சேர ஆன நேரம் இதுதான். நம் கோலில் திரியின் உள்விளிம்பிலிருந்து நடுவில் பிடித்த கைவரை குறைந்தது 55 சென்டிமீட்டர் இருக்கிறது. அந்தத் தூரத்தை அலுமினியத்தில் கடக்கச் சூட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். திரியில் இருக்கும் எண்ணெய் சில நிமிடங்களில் தீர்ந்துவிடுகிறது. சூடு வழியில் இருக்கும்போதே ஆட்டம் முடிந்துவிடுகிறது.

இந்தக் கணக்கு காற்றைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் கைக்கு இன்னும் சாதகம். விநாடிக்கு இரண்டு சுற்று சுற்றும்போது கோலின் முனை மணிக்கு 34 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைக் கிழிக்கிறது. நகரும் சூட்டில் பெரும்பகுதியைக் காற்று வழியிலேயே பறித்துக்கொள்ளும். திரியை ஒட்டிய ஒரு சாண் இடம் தொட முடியாத சூட்டில் இருக்க, கைப்பிடி குளிர்ந்தே இருப்பது இதனால்தான். நடுவில் சுற்றும் பிடித்துணியும் டேப்பும் வியர்வையில் வழுக்காமல் இருப்பதற்காகத்தான், சூட்டைத் தடுக்க அல்ல. கடத்துதிறன் குறைந்த உலோகத்தைத் தேடி எஃகுக்குப் போகிறவர், கோலின் நீளம் ஏற்கெனவே தீர்த்துவைத்த பிரச்சினைக்கு மறுபடி விலை கொடுக்கிறார்.

உருகும் முன்பே

கடத்துதல் பிரச்சினை இல்லை என்றால், உருகுதல்? சுடர் 1000 டிகிரி, அலுமினியம் உருகுவது 660. கணக்கு நேராகவே அச்சுறுத்துகிறது. ஆனால் குழாயைத் தொட்டுக்கொண்டிருப்பது சுடர் அல்ல, எண்ணெய் ஊறிய திரி. காகிதக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி நெருப்பில் காட்டினால் தண்ணீர் கொதிக்கும், காகிதம் எரியாது. தண்ணீர் இருக்கும்வரை காகிதத்தின் சூடு கொதிநிலையை விட்டு அதிகம் ஏற முடியாது. திரியும் அப்படியே. மண்ணெண்ணெய் 150 முதல் 300 டிகிரிக்குள் கொதித்து ஆவியாகிறது, எரிவது அந்த ஆவிதான். எண்ணெய் இருக்கும்வரை திரியின் உட்புறம் அந்தச் சூட்டைத் தாண்டுவதில்லை. எண்ணெய் தீர்ந்து திரி உலர்ந்தபின் இந்தக் காவல் போய்விடும். அப்போது 1965ல் டூபாண்ட் நிறுவனத்தின் ஸ்டெபனி குவோலெக் கண்டறிந்த கெவ்லார் இழையால் நெய்த திரிகூடக் கருகத் தொடங்கும்.

உருகாது என்று நிம்மதி கொள்வதற்கு முன் இன்னொரு எண்ணைப் பார்க்க வேண்டும். கடையில் கிடைக்கும் குழாய் சுத்த அலுமினியம் அல்ல. சுத்த அலுமினியம் கையால் வளைக்கும் அளவுக்கு மெத்தென்று இருக்கும். சிறிதளவு மக்னீசியமும் சிலிக்கனும் கலந்து, ஏறத்தாழ 160 முதல் 180 டிகிரிச் சூட்டில் சில மணி நேரம் பதப்படுத்துவதால்தான் அதற்கு வலு வருகிறது. சூட்டால் வந்த வலு, அதைவிடக் கூடுதல் சூட்டில் போய்விடும். 6061 என்ற எண்ணுள்ள கலவை, அறைச் சூட்டில் தாங்கும் பாரத்தை 100 என்று வைத்தால், 200 டிகிரியில் நெடுநேரம் கிடந்தபின் ஏறத்தாழ 37 தாங்கும். 260 டிகிரியில் 12 மட்டுமே. ஆறியபின் பழைய வலு முழுதாகத் திரும்பி வருவதும் இல்லை. ஜன்னல் சட்டங்களுக்கு வரும் 6063 கலவையும் இதே குடும்பம், வலுவில் அதற்குச் சற்றுக் கீழே. அலுமினியத்துக்கு ஆபத்து 660ல் இல்லை, 200ஐத் தாண்டும்போதே தொடங்கிவிடுகிறது. கண்ணுக்கு எதுவும் தெரியாது. குழாய் அதே பளபளப்போடு இருக்கும், முனை மட்டும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மெத்தென்று ஆகிக்கொண்டிருக்கும். சுடர் தானாக அணையும்வரை காத்திருக்காமல், எண்ணெய் மிச்சமிருக்கும்போதே ஈரத்துணியால் மூடி அணைப்பது திரியை மட்டும் காப்பாற்றும் பழக்கம் அல்ல, குழாயையும் காப்பாற்றும்.

முனைக்கு வேறு சட்டம்

இதுவரை பார்த்ததில் ஒன்று தெளிவாகிறது. கோலின் நடுவும் முனையும் ஒரே பொருளிடம் வெவ்வேறு விஷயங்களைக் கேட்கின்றன. நடு கேட்பது லேசும் விறைப்பும். சூடு அங்கே வருவதே இல்லை. முனை கேட்பது சூட்டில் இளகாத பிடிமானம். விநாடிக்கு இரண்டு சுற்றில் முனையில் உள்ள திரி, தன் எடையைப் போல 11 மடங்கு விசையோடு வெளியே பறக்கப் பார்க்கிறது. 180 கிராம் திரி 2 கிலோவாகி இழுக்கிறது. பசை போட்டு ஒட்டியிருந்தால் சூட்டில் அது இளகிவிடும், எரியும் திரி கூட்டத்துக்குள் போய் விழும். அதனால் திரியைத் திருகால் இறுக்க வேண்டும். ஆனால் மெல்லிய குழாய்ச் சுவரில், அதுவும் சூட்டில் மெத்தென்று ஆகிவரும் சுவரில், திருகு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

இதற்குச் செய்பவர்கள் கண்ட வழி எளிமையானது. குழாயின் முனைக்குள் திரியின் அகலத்தையும் தாண்டும் நீளத்துக்குக் கெட்டி மரத் துண்டை இறுக்கிச் செருகுகிறார்கள். திருகு குழாயைத் துளைத்து மரத்தைக் கடிக்கிறது. முனை தரையில் மோதினாலும் வட்டம் கெடாமல் மரம் உள்ளிருந்து தாங்குகிறது. எண்ணெயும் குழாய்க்குள் ஒழுகிப்போவதில்லை. மரம் எரியாதா என்றால், காற்றுப் புகாத இடத்தில் அதற்குச் சுடர்விட வழியில்லை, சூடும் அதற்குள் மிக மெதுவாகவே நுழையும். ஆண்டுக்கணக்கில் மேற்பரப்பு கருகலாம். அதைக் கழற்றி மாற்ற ஒரு திருகாணி முடுக்கி போதும். ஒரே எச்சரிக்கை, மரம் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் அடைபட்டுச் சூடானால் நீராவி வெளியேற வழி தேடும்.

முனையில் சூடு இருக்கிறது என்பதே ஜி.ஐ. பைப்பை எடுக்காதிருக்க இரண்டாவது காரணம். அதன் மேல்பூச்சு துத்தநாகம். அது 420 டிகிரியில் உருகும், மேலும் சூடானால் எரிந்து வெண்புகையாகும். அந்தப் புகையைச் சுவாசித்தால் குளிரும் காய்ச்சலும் வரும் என்பது வெல்டிங் பட்டறைகளில் வேலை செய்பவர்களுக்குத் தெரிந்த விஷயம்.

எஃகின் கட்சி

இவ்வளவுக்குப் பிறகும் எஃகுக்காக நேர்மையாக வாதாட இடமுண்டு. 19 மில்லிமீட்டர் விட்டமும் 1 மில்லிமீட்டர் சுவரும் உள்ள எஃகுக் குழாய், நம் அலுமினியக் கோலின் விறைப்பில் ஏறத்தாழ 87 விழுக்காடு தருகிறது. எடை ஒன்றரை மடங்கு மட்டுமே. முனை இளகும் என்ற கவலை இல்லை. தடித்த கோலைப் பிடிக்க முடியாத சிறிய கைக்கு அது பொருந்தவும் செய்யும். நிறுத்தி நிதானமாகச் சுற்றுபவருக்குக் கூடிய சுழல்மந்தமே ஒரு வசதி. கோல் தன்போக்கில் சீராகச் சுழலும். இந்த வாதம் தவறு இல்லை. ஆனால் அது முனையின் தேவைக்காகக் கோல் முழுவதையும் கனமாக்கும் வாதம். 20 சென்டிமீட்டர் நீளத்துக்கு இருக்கும் சிக்கலை அங்கேயே ஒரு மரத்துண்டால் தீர்க்க முடியும்போது, மீதி 130 சென்டிமீட்டரும் அதற்காக ஏன் கனக்க வேண்டும்?

மூங்கிலின் கட்சி இன்னும் வலுவானது. உள்ளே வெற்றிடம், நார் அடர்ந்த வெளிப்புறம், வட்டம் கெடாமல் இடையிடையே குறுக்குச்சுவர் போல நிற்கும் கணு. நாம் கணக்குப் போட்டு வந்து சேர்ந்த வடிவம் அதற்குப் பிறப்பிலேயே இருக்கிறது. எடைக்கு ஏற்ற விறைப்பிலும் அது உலோகங்களுக்குச் சளைத்தது அல்ல. ஆனால் நெருப்பைத் தொடும் முனை கருகிக் குறைந்துகொண்டே வரும், வெயிலில் உலர்ந்தால் பிளக்கும். திருவிழாவுக்குத் திருவிழா புதுக் கழி வெட்டுபவருக்கு அது குறையே அல்ல. வாரம் நாலு நாள் சுற்றுபவருக்குத்தான் அது குறை. அவர் செய்வதும் உலோகத்தில் ஒரு மூங்கில்தான், முனையில் செருகிய மரம் அதன் கணு.

மறுபடி பற்றவைக்கும் முன்

ஆகவே கடைக்குப் போகிறவர் கேட்க வேண்டிய வரிசை இது: முதலில் நீளம், பிறகு விட்டம், அடுத்துச் சுவரின் கனம், அதன்பின் கலவை எண். உலோகத்தின் பெயர் இந்த வரிசையின் முடிவில் தானாக வந்து நிற்கும். இவற்றில் எதுவும் சிதறும் எண்ணெயிலிருந்தோ தீப்பற்றும் பாலியெஸ்டர் சட்டையிலிருந்தோ காப்பாற்றாது. திரியைப் பற்றவைக்கும் முன் உதறிவிடுவதும், பருத்தி ஆடையும், பக்கத்தில் ஈரத்துணியோடு நிற்கும் ஓர் ஆளும் எந்தக் குழாய்க்கும் வேண்டும்.

கை சுடாததற்கு நாம் கண்ட காரணம் அலுமினியத்தின் குணம் அல்ல, அவகாசம். சூட்டுக்கு ஒரு மணி நேரம் தேவை, நாம் சில நிமிடமே தருகிறோம். சுடர் அணைந்ததும் அந்தக் கடிகாரம் நின்றுவிடுவதில்லை. சுழற்சி நின்று காற்றும் நின்றபின், முனையில் தேங்கிய சூடு உள்நோக்கி நடந்துகொண்டேதான் இருக்கிறது. கைதட்டல் கேட்டு உடனே எண்ணெயில் தோய்த்து மறுபடி பற்றவைத்தால், இரண்டாவது ஆட்டம் பூச்சியத்திலிருந்து தொடங்காது. மூன்றாவது, நான்காவது என்று நீண்டால் கோல் மெல்ல மெல்லக் கரண்டியாகிவிடும். முனை கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறும்வரை பொறுத்திருப்பதும் குழாயைத் தேர்ந்தெடுப்பதில் சேர்ந்ததுதான்.